தேவாங்கின் பழைய கோலமும் ஒரு மழைக்கோட்டும்

அக்காவின் மகளுக்காக, செல்லப்பிராணிக்கு உடை அணிவித்துப் பார்க்கும் சிறிய இணையச் செயலி ஒன்றை வெள்ளவத்தை வீட்டில் இருந்தபடி எழுதினேன். முதல் பிராணி தேவாங்கு. ஆரம்பத்தில் அதைக் குந்தியிருப்பதாக வரைந்தேன். சட்டை போடத் தோதாக இல்லை என்று பிறகு நிமிர்த்தி வைத்தேன். "மாமா, பழைய தேவாங்கு எங்கே?" என்று அவள் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். 1999இல் தொடங்கிய நியோபெட்ஸ் என்ற செல்லப்பிராணி வளர்க்கும் இணைய விளையாட்டும் 2007இல் உடை மாற்றும் வசதிக்காகத் தன் பிராணிகளைத் திருத்தி வரைந்து, பயனர்களிடம் இதே ஏக்கத்தைச் சம்பாதித்துக்கொண்டது.

நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். பழைய தேவாங்கைத் திரும்பக் கொண்டுவர, நிறங்களின் அட்டவணையில் சாம்பலுக்கும் செம்மண்ணுக்கும் கீழே 'பழையது' என்று இன்னொரு வரி சேர்த்தேன். அரை மணி நேர வேலை. பிறகு மழைக்கோட்டை அணிவித்தேன். கோட்டின் வலது கை தேவாங்கின் காதுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பொத்தான்கள் மூக்கின் மேல் வரிசையாக விழுந்தன.

தையற்காரர் அளவுத் துண்டில் தோள், மார்பு, கை நீளம் எழுதுவார். ஆளின் நிறத்தை எழுதுவாரா? ஆகவே ஒவ்வொரு உடம்புக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். என் நிற்கும் தேவாங்கு 14, குந்தியது 31. உடையின் ஒவ்வொரு படத்தோடும் அது எந்த உடம்புக்கு வரைந்தது என்ற இலக்கத்தைச் சேமியுங்கள். எந்த உடம்புக்கும் பொருந்துபவற்றுக்கு 0. வெசாக் கூடுகள் தொங்கும் பின்னணி அப்படிப்பட்டது. படங்களை எடுக்கும்போது 0 அல்லது இப்போதைய உடம்பின் இலக்கம் உள்ளவற்றை மட்டும் கேளுங்கள்.

குந்திய தேவாங்கு போன்ற மாற்றுத் தோற்றத்தைக் கோலம் என்கிறேன். மாற்றுக் கோலத்துக்குத் தனி அட்டவணை வேண்டும்: பெயர், எந்த இனம், எந்த நிறம், உடம்பின் இலக்கம், அதற்கே உரிய படங்கள். பயனர் சேமிக்கும் அலங்காரத்தில் கோலத்துக்கென்று ஒரு புலம், அதாவது அதன் இலக்கத்தைக் குறிக்கும் இடம், சேருங்கள். அது வெறுமையாகவும் இருக்கலாம். அங்குள்ள நிறத்தையும் முகபாவத்தையும் தொடாதீர்கள். கோலம் இருந்தால் திரையில் அதை வரைய வேண்டும், அவ்வளவுதான். நான் முகபாவத்தையும் சேர்த்து மாற்றி எழுதியதால், அழுமூஞ்சியாக வைத்திருந்த தேவாங்கு கோலத்தைக் கழற்றியதும் சிரித்துக்கொண்டு வந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

பொருந்தாத உடைகளை அலங்காரத்திலிருந்து நீக்கவும் வேண்டாம். அலுமாரியில் மங்கலாகக் காட்டி, 'இந்தக் கோலத்துக்குப் பொருந்தாது' என்று எழுதினால் போதும். ஒரு நிமிடம் கோலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர் அரை மணி நேரம் தேடிச் சேர்த்ததை ஏன் இழக்க வேண்டும்? இனத்தை மாற்றினால் மட்டும் கோலத்தை வெறுமையாக்குங்கள். இல்லாவிட்டால் மயிலின் பெயரில் தேவாங்கு உட்கார்ந்திருக்கும்.

பகிரும் இணைப்பில் கோலத்தின் இலக்கமும் போக வேண்டும். புறக்கோட்டையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அக்கா, மகள் அனுப்பிய இணைப்பைத் திறந்துவிட்டு, "நல்லாய்த்தானே நிற்கிறது" என்று பதில் அனுப்பினாள். குந்தியிருந்திருக்க வேண்டியது அது.

31ஆம் உடம்புக்கு மழைக்கோட்டை வேறாக வரைய இரண்டு மாலைகள் போயின. தொப்பியை இன்னும் தொடவில்லை.