கீபோர்டு, மவுஸ் தரும் நேரக்குறிப்பு: எங்கே தவறுகிறோம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை ஆலை ஒன்றில் லாரி எடை போடும் அறையை எடுத்துக்கொள்வோம். ஒரு கணினி, ஒரு கீபோர்டு, ஒரு பார்கோடு ஸ்கேனர். கணினியிடம் தன்னையும் ஒரு கீபோர்டு என்றே சொல்லிக்கொள்ளும் வகை ஸ்கேனர் அது. குலை லாரியின் சீட்டு எண் ஸ்கேனரில் வந்ததா, கிராணி (எழுத்தர்) கையால் தட்டியதா என்று நிரல் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்துகளுக்கு இடையே உள்ள நேரத்தைப் பார்த்தால் போதும் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். யோசனை சரிதான், நேரத்தை எடுக்கும் இடத்தில் கோட்டை விடுகிறார்கள்.

விசைச் செய்தி நிரலின் கைக்கு வந்த பிறகு "இப்போது மணி என்ன" என்று கேட்டுக் குறிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சீட்டு அச்சடிப்பதில் நிரல் இரண்டு வினாடி மாட்டிக்கொண்டால், அதற்குள் கிராணி தட்டிய எழுத்தெல்லாம் வரிசையில் காத்திருக்கும். அச்சு முடிந்ததும் அத்தனையும் ஒரே மூச்சில் வந்து விழும். கணக்குப்படி பார்த்தால் கிராணி ஸ்கேனரையே தோற்கடித்துவிட்டார்! விண்டோஸ் ஒவ்வொரு செய்தியோடும் அதன் நேரத்தையும் சேர்த்தே அனுப்புகிறது; கெட்மெசேஜ்டைம் என்ற விண்டோஸ் அழைப்பு தருவது அதைத்தான். லினக்ஸில் ஒவ்வொரு இன்புட் நிகழ்வின் தலைப்பகுதியிலும் வினாடியும் மைக்ரோவினாடியும் இருக்கின்றன. அவற்றையே எடுங்கள்.

விண்டோஸ் தரும் எண் மில்லிவினாடியில் இருந்தாலும், அது நகர்வது பொதுவாக 10 முதல் 16 மில்லிவினாடிக்கு ஒரு முறைதான். ஸ்கேனர் எழுத்துகளின் இடைவெளி 0, 0, 16, 0, 15 என்று தாறுமாறாக வரும். "10-க்குக் குறைந்தால் ஸ்கேனர்" என்ற விதி இங்கே நிற்காது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஆன மொத்த நேரத்தைப் பாருங்கள். வினாடிக்குப் பத்து எழுத்து தட்டும் கைக்கும் 12 எழுத்துக்கு 1.1 வினாடி ஆகும். அரை வினாடியை எல்லையாக வைத்தால் தாராளம். எழுத்துக்கு எழுத்து தாமதம் வைக்கும் அமைப்பு சில ஸ்கேனர்களில் உண்டு. அதை முதலில் நிறுத்திவிடுங்கள்.

விண்டோஸ் தரும் அந்த எண், கணினி கிளம்பியதிலிருந்து ஓடும் 32 பிட் எண். 49.7 நாளில் மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். குறியுள்ள (மைனஸும் ஏற்கும்) எண்ணாக வாங்கினால் 24.8 நாளிலேயே மைனஸ் ஆகிவிடும். தினமும் மாலையில் கணினியை அணைக்கிறோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது: விண்டோஸை வேகமாகக் கிளப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால், அணைத்தாலும் அந்த எண்ணிக்கை தொடரும், ரீஸ்டார்ட் செய்தால்தான் புதிதாகத் தொடங்கும். எது பெரிய எண் என்று ஒப்பிடாதீர்கள். இரண்டையும் குறியில்லா 32 பிட் எண்களாகவே வைத்துக் கழித்தால், சுழியத்தைத் தாண்டிய பிறகும் விடை சரியாக வரும். முன்னதாகவே 64 பிட்டுக்கு மாற்றிவிட்டுக் கழித்தால் வராது.

லினக்ஸில் சிக்கல் வேறு. அங்கே ஒவ்வொரு இன்புட் சாதனமும் ஒரு கோப்பாகத் தெரியும். அந்தக் கோப்பைத் திறந்தால், வேறு கேட்காவிட்டால் கிடைப்பது சுவர்க் கடிகார நேரம், அதாவது தேதியும் மணியும். மாலை இடிமழையில் மின்சாரம் போகிறது; பழைய மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி செத்துக் கிடக்கிறது; கணினி ஏதோ ஒரு பழைய தேதியோடு எழுந்து, இணையம் கிடைத்ததும் பல ஆண்டுகள் தாவிச் சரியாகிறது. அந்தத் தாவலுக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு விசை விழுந்தால், இடைவெளி பல கோடி வினாடி! கோப்பைத் திறந்த கையோடு கிளாக் மோனோடோனிக் (தேதியைத் திருத்தினாலும் தாவாத கடிகாரம்) வேண்டும் என்று ஐயாக்டல் என்ற சாதனக் கட்டளை மூலம் சொல்லிவிடுங்கள். பிறகு மாற்றினால், வரிசையில் காத்திருக்கும் நிகழ்வுகள் அழிந்துவிடும். திறக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கீபோர்டுக்குச் சொல்லிவிட்டு மவுஸை மறந்தால், இரண்டின் நேரத்தையும் ஒப்பிடவே முடியாது. கணினி உறங்கும்போது மோனோடோனிக் ஓடாது. அந்த நேரமும் கணக்கில் வர வேண்டுமானால் பூட்டைம் கடிகாரம்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் மணி எட்டு மணி நேரம் தள்ளிக் காட்டலாம். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் பொதுவாக உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்வதுதான் காரணம். நிரலில் எட்டைக் கூட்டிக் கழித்து ஒட்டுப்போடாமல், அமைப்பில் சரிசெய்யுங்கள்.

இன்புட் நிகழ்வின் அளவு 64 பிட் லினக்ஸில் 24 பைட், பழைய 32 பிட்டில் 16. மாற்றிப் படித்தால் நேரமே குப்பையாகும். விசை நிகழ்வின் மதிப்பு 2 என்றால் விசையை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள்; அதைப் புதிய அழுத்தமாக எண்ணாதீர்கள். மைக்ரோவினாடி வரை எண் இருக்கிறதே என்று மயங்கவும் வேண்டாம்: வினாடிக்கு 125 முறை விசாரிக்கப்படும் யுஎஸ்பி மவுஸின் நகர்வு 8 மில்லிவினாடி வரை தாமதமாகவே தெரியவரும்.

உண்மையில், ஸ்கேனரா கையா என்று தெரிந்துகொள்ள நேரத்தைவிட நல்ல வழி சாதனத்தையே கேட்பது. லினக்ஸில் ஸ்கேனருக்குத் தனி இன்புட் கோப்பு உண்டு. விண்டோஸில் ரா இன்புட் என்ற வசதி, விசை எந்தக் கீபோர்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிடும். அது கிடைக்காத இடத்தில் மட்டும் இடைவெளிக் கணக்கை வையுங்கள்.