உணவங்காடியில் நல்ல கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

பல சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் சிங்கப்பூரின் உணவங்காடிப் (ஹாக்கர் சென்டர்) பண்பாடு 2020இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் என்ற ஓர் உணவங்காடியில் மட்டுமே 200க்கு மேற்பட்ட கடைகள். நுழைந்ததும் முதலில் கண்ட வரிசையில் போய் நிற்காதீர்கள். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பலகைகளைப் படியுங்கள். ஒன்றிரண்டு பண்டத்தை மட்டும் விற்கும் கடைதான் நம் கடை. முப்பது படம் ஒட்டியிருக்கும் கடையில் எதிலும் கை பழகியிருக்காது.

அடுத்தது, நேரம். இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சார் குவே தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான அரிசி நூடுல்ஸை முட்டை, கறுப்பு சோயா சாஸ், பன்றிக் கொழுப்பு சேர்த்துப் பெரும் தீயில் புரட்டுவது. ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு தட்டு என்று போட்டால்தான் இரும்புச் சட்டியின் சூடு இறங்காது. ‘வோக் ஹெய்’ என்கிற அந்தப் புகை மணம் ஏறும். மதியம் 12 மணி நெரிசலில் அதே கைக்காரர் ஆறு தட்டுக்குச் சேர்த்துப் போடும்போது சட்டி ஆறிவிடும், ஈரம் தேங்கும், நூடுல்ஸ் வறுபடாமல் வெந்து குழையும். ஆகவே 11 மணிக்கு முன்போ 2 மணிக்குப் பின்போ போங்கள். கரண்டிச் சத்தத்தோடு சட்டியின் சீறலும் காதில் விழ வேண்டும். இதில் சேரும் சிப்பியைக் கடைசியில் போட்டுப் புரட்டி உடனே இறக்கினால் சாறோடு இருக்கும். ரப்பராகச் சுருங்கியிருந்தால் முன்னமே போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

கோழிச் சோறு இதற்கு நேர்மாறு. பிந்திப் போனால் தீர்ந்துவிடும். கோழியைக் கொதி வராத சூட்டில் வேகவைத்து ஐஸ் தண்ணீரில் முக்குவார்கள். தோலுக்கும் சதைக்கும் நடுவே மெல்லிய ஜெல்லி படிந்திருந்தால் முறையாகச் செய்த கோழி. ஆனால் கடையின் தரம் சோற்றில்தான் இருக்கிறது. மிளகாய்ச் சாறு ஊற்றுமுன் ஒரு வாய் வெறும் சோறு சாப்பிட்டுப் பாருங்கள்: இஞ்சி, பூண்டு, பாண்டான் இலை மணக்க வேண்டும், பருக்கை ஒட்டக் கூடாது.

லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலைய உணவங்காடியில் பரோட்டா என்றால் முதலில் ‘கோசோங்’, அதாவது வெறும் பரோட்டா, கேளுங்கள். முட்டையும் வெங்காயமும் மாவின் குறையை மறைத்துவிடும். கல்லில் இருந்து எடுத்ததும் இரு கையாலும் தட்டி மடல் பிரித்துத் தருகிறாரா, அடுக்கி வைத்ததைச் சூடுகாட்டித் தருகிறாரா என்று பாருங்கள். அடுக்கியது ஆறினால் தோல்போல இழுபடும். சாற்றில் தொட்டுச் சாப்பிடும் இந்திய ரோஜாக்கில் வடை, டோஃபு, உருளைக்கிழங்கு என்று துண்டுகளை நீங்களே பொறுக்கித் தர வேண்டும், துண்டுக்குத் துண்டு விலை. இரண்டு பேருக்கு ஆறேழு துண்டு போதும். சக்கரைவள்ளிக்கிழங்கால் கெட்டியான சிவப்புச் சாறு சூடாக வரவில்லையென்றால் சூடாக்கித் தரச் சொல்லுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: கோழிச் சோற்றுக் கடையின் வெறும் சோறும் கோழிக் கொழுப்பில் வதக்கியதே. நூடுல்ஸில் பன்றிக் கொழுப்போ இறால் சாறோ இருக்கலாம். ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னால் இவை நீங்கிவிடாது; தனிச் சைவக் கடைக்கே போங்கள்.

மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் பிடித்தாகிவிட்டது. சில்லறை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டுகள் கையில் இருக்கட்டும். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும், 2021 செப்டம்பர் முதல் இது கட்டாயம். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு உண்டு, மாற்றி வைத்துவிடாதீர்கள். குறிப்பிட்ட ஒரு கடைக்கென்றே தொலைவிலிருந்து வருவதானால் அதன் ஓய்வு நாளை முன்கூட்டிப் பாருங்கள். திங்கட்கிழமை மூடும் கடைகள் நிறைய. போதாக்குறைக்கு, சுத்தம் செய்வதற்காக நிலையத்தையே அவ்வப்போது அடைப்பார்கள்.