டிராக்கில் ஓடும் காருக்கு ஹப் பேரிங் மாற்றுவது

சேலத்திலிருந்து கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போய் ஓட்டுபவர்கள், திரும்பியதும் ஹப்பையும் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி), அதைச் சுழலவிடும் பேரிங்கையும் சோதியுங்கள். பிடிமானம் கூடிய டயர் வளைவில் தரும் பக்கவாட்டு அழுத்தமும், டிஸ்க்கிலிருந்து ஏறும் சூடும் சேர்ந்து பேரிங் கிரீஸைக் கெடுத்துவிடும்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் இதற்கு நல்ல சோதனைக் களம். நிதானமாக ஏறினாலே போதும். வலப்பக்கம் திரும்பும்போது 'ஊம்ம்' இரைச்சல் கூடினால் இடப்பக்கப் பேரிங்கைச் சந்தேகியுங்கள். எடை அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

காரை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்டை (சஸ்பென்ஷனின் உருண்டை மூட்டு) பாருங்கள்.

பேரிங்கை மாற்றுவதானால், ஹப்பின் நடுவில் இருக்கும் பெரிய ஆக்சில் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்குங்கள். இளக்கிய பின் காரை உருட்டவே கூடாது. பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக்கூடாது.

புதுப் பேரிங் பாழாவது பெரும்பாலும் அழுத்தி ஏற்றும் பிரஸ்ஸில்தான். நக்கிளில் (பேரிங் உட்காரும் உலோகத் தாங்கி) ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டுமே அழுத்துங்கள். ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு அடியில் முட்டு கொடுங்கள். மாறினால் குண்டுகள் பாதையில் பள்ளம் பதித்து, முதல் நாளே இரைச்சல் வரும். சுத்தியல் வேண்டவே வேண்டாம். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) காந்த வளையம் இருக்கும் பேரிங் முகம் சென்சார் பக்கம் இருக்கட்டும்.

ஹப் ஃபிளாஞ்சில் (சக்கரம் பொருந்தும் தட்டு) போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தால் ஹப்பையும் மாற்றிவிடுங்கள். ஆக்சில் நட் புதிது போட்டு, கார் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள். 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை மறுபடி பாருங்கள்.