ஓட்டோரைனோலாரிங்காலஜி: ஒன்பது அசையும் விழாமல் சொல்ல

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குக் காது வலி என்று போகிறவர் ‘இ.என்.டி.’ என்றாலே போதும். நர்சிங், பாராமெடிக்கல் படிப்பவர்களுக்குத்தான் காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தின் முழுப் பெயரான ‘ஓட்டோரைனோலாரிங்காலஜி’யும் வாயில் நிற்க வேண்டும்.

பொருள்படி பிரித்தால் நான்கு கிரேக்கத் துண்டுகள்: ஓட்டோ காது, ரைனோ மூக்கு, லாரிங்கோ குரல்வளை, லஜி இயல். ஓசைப்படி பிரித்தால் ஒன்பது அசை: ஓ-ட்டோ-ரை-னோ-லா-ரிங்-கா-ல-ஜி. யாப்புப் பழக்கத்தில் நேர், நிரை பார்க்காதீர்கள். நிரையசையில் இரண்டு உயிர் வரும். இங்கே அசைக்கு ஓர் உயிர்தான்.

முதன்மை அழுத்தம் ‘கா’வில். பயாலஜி, ஜியாலஜி எதை எடுத்தாலும் கடைசியிலிருந்து மூன்றாம் அசைதான் ஓங்கும். ‘ரை’, ‘லா’ இரண்டுக்கும் அரை அழுத்தம். ‘ல’ ஏறக்குறைய விழுங்கப்படும். நாம் ஒன்பதையும் ஒரே கனத்தில் சொல்வதால்தான் கேட்பவருக்குப் புரிவதில்லை.

தமிழில் எழுதிப் படிப்பதில் சில கண்ணிகள் உண்டு. ‘ஓடோ’ என்று எழுதினால் ட மெலிந்துவிடும். ‘ட்டோ’ என்றே எழுதுங்கள், ஆனால் சொல்லும்போது இரட்டிக்க வேண்டாம். ‘லா’வில் வரும் உயிர் ‘பேங்க்’ என்பதில் நாம் சொல்லும் உயிர். ‘கா’ நெடில் அல்ல. பிரிட்டிஷ் உச்சரிப்பில் உதட்டைக் குவித்து, கா-வுக்கும் கொ-வுக்கும் இடையில் குறுக்கிச் சொல்ல வேண்டும்.

அதிகம் பிழையாவது ‘ஜி’ (g) என்ற ஆங்கில எழுத்து. இதுபோன்ற மருத்துவச் சொற்களில் அதன் பின்னால் ‘ஓ’ (o) வந்தால் ‘ங்க’வில் ஒலிக்கும் க, ‘ஐ’யோ (i) ‘ஒய்’யோ (y) வந்தால் ஜ. லாரிஞ்ஜைட்டிஸ் (குரல்வளை அழற்சி) சொல்லிப் பழகிய நாக்கு இங்கேயும் ‘லாரிஞ்ஜாலஜி’ என்று புரளும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்குச் சிக்கல் வேறு. பிரெஞ்சில் ‘ரைனோ’ இல்லை, ‘ரினோ’, ‘ரிங்’ மூக்கொலியாகும், அழுத்தம் கடைசி அசைக்குப் போய்விடும். ஆங்கிலம் பேசும்போது மூன்றையும் விட்டுவிட வேண்டும்.

பயிற்சியைப் பின்னாலிருந்து தொடங்குங்கள்: லஜி, காலஜி, ரிங்காலஜி, லாரிங்காலஜி. அது தடையில்லாமல் வந்த பிறகு ‘ஓட்டோரைனோ’வைத் தனியே பழகி முன்னால் ஒட்டுங்கள். முன்னாலிருந்து போனால் பாதியில் மூச்சு தளர்ந்து ‘லாரிங்லஜி’ ஆகும். தொலைவது, ஓங்கி ஒலிக்க வேண்டிய அந்த ‘கா’வேதான்.

மருத்துவரைக் குறிக்கும்போது கடைசியில் ‘ஜிஸ்ட்’, அழுத்தம் அதே இடத்தில். ‘லாஜிக்கல்’ என்று முடிந்தால் மட்டும் அழுத்தம் அந்த ‘லாஜிக்கல்’லின் ‘லா’வுக்கு நகரும்.