பரி செயின்ட் எட்மண்ட்ஸ்: மடாலயத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது?

இங்கிலாந்தின் சஃபோக்கில் உள்ள பழைய சந்தை ஊர் இது. முதல் தடவை இடிந்த மடாலயம் இருக்கும் பூங்காவுக்குள் நேராகப் போய், அங்கங்கே நிற்கும் கல்திட்டுகளைப் பார்த்துவிட்டு, எது எதுவென்று புரியாமலே திரும்பினேன். அடுத்த தடவை வழியை மாற்றினேன். அந்த வழிதான் இது.

1. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி இப்ஸ்விச்சில் மாறுங்கள். கேம்பிரிட்ஜ் வழியாகவும் வரலாம்.

2. புதன் அல்லது சனி போங்கள், சந்தை கூடும் நாட்கள் அவை. சந்தைப் பக்கத்திலேயே மோய்ஸஸ் ஹால் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டுக் கல்வீடு, இப்போது அருங்காட்சியகம்.

3. இனிமேல்தான் முக்கியம். பூங்காவுக்குப் போகாமல் சர்ச்கேட் ஸ்ட்ரீட்டில் இறங்குங்கள். மடாதிபதி பால்ட்வின் 11ஆம் நூற்றாண்டில் ஊரைக் கட்டம் கட்டமாக அமைத்தபோது, இந்தத் தெருவை மடாலயத் தேவாலயத்தின் பலிபீடத்துக்கு நேராக வைத்தார். தெருக்கோடியில் நார்மன் கோபுரம். அதன் வளைவுக்குள் நுழைந்து வெளியே வந்தால், எதிரே தேவாலயத்தின் மேற்கு முகப்பு.

அந்த முகப்புக்குள் வீடுகள் கட்டியிருக்கிறார்கள்! கரடுமுரடான சுவருக்கு நடுவே வெள்ளைச் சட்டம் போட்ட சன்னல், மேலே புகைபோக்கி. கிட்டே போய்ச் சுவரைப் பாருங்கள்: சிக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்பும்தான். 1539இல் மடாலயத்தை மூடியபின், மேலே போர்த்தியிருந்த செதுக்குக் கற்களை ஊரார் வீடு கட்ட எடுத்துப் போய்விட்டார்கள். மிஞ்சியது சுவரின் உள்சதை. இது தெரிந்துவிட்டால் பூங்காவில் நிற்கும் திட்டுகளும் புரியும்.

அப்புறம் வீடுகளைச் சுற்றிக் கிழக்குக் கோடிக்கு நடங்கள். தேவாலயத்தின் நீளம் சுமார் 150 மீட்டர். அதைக் கால்தான் உணர வேண்டும். இந்தப் பகுதியை ஆண்டு, 869இல் டேனிய வைக்கிங்குகளால் கொல்லப்பட்ட எட்மண்ட் மன்னரின் சமாதியைத் தேடி யாத்திரிகர்கள் வந்தது அந்தக் கோடிக்குத்தான். இங்கே கைப்பேசி வரைபடம் போதாது. மடாலயத்தின் தரைப்படத்தைக் காகிதத்தில் அச்செடுத்துப் போங்கள். எந்தத் தூண் எங்கே நின்றது என்று விரல் வைத்துப் பார்க்கலாம்.

4. பூங்கா வழியாக நடந்து மடாலய வாயிலில் வெளியேறுங்கள். 1327இல் ஊரார் கிளர்ந்தெழுந்து பழைய வாயிலை இடித்தார்கள். துறவிகள் திரும்பக் கட்டியபோது, சிலை வைக்கும் மாடங்களுக்குப் பின்னால் அம்பு எய்யும் துளைகளை ஒளித்து வைத்தார்கள். வெளியே வந்ததும் திரும்பி நின்று மாடங்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் 'பரி' என்று மட்டும் தட்டி டிக்கெட் எடுக்கப் பார்த்தாராம். அது மான்செஸ்டர் பக்கத்து ஊர். பெயரை முழுசாகத் தட்டுங்கள். இன்னொருவர் இதே ஊரில் உள்ள செயின்ட் மேரி தேவாலயத்தில் இருப்பது மேரி ராணியின் கல்லறையா என்று கேட்டார். அரசாண்ட மேரி இல்லை, அவருடைய அத்தை. எட்டாம் ஹென்றியின் தங்கை, பிரான்சின் ராணியாக இருந்தவர், 1533இல் இறந்தார். மடாலயத்தில்தான் முதலில் புதைத்தார்கள். அதை மூடியபின் இங்கே கொண்டுவந்தார்கள்.