ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரையும் டிஏசியையும் மாற்றத்தான் வேண்டுமா?

டிஏசி என்பது எண்வடிவில் உள்ள பாட்டை மின் சமிக்ஞையாக மாற்றும் கருவி; ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் அந்தச் சமிக்ஞைக்கு வலுவூட்டி ஹெட்ஃபோனை இயக்குவது. இவற்றில் புதிதாக ஒன்றை வாங்க நினைப்பவர், இப்போது கையில் இருக்கும் கருவியில் தமக்கு என்ன குறை என்பதை முதலில் ஒரே வரியில் எழுதிப் பார்க்க வேண்டும். ஒலி போதவில்லையா, பாட்டுக்குப் பின்னால் இரைச்சல் கேட்கிறதா, குரலும் வாத்தியமும் ஒலிக்கும் விதமே பிடிக்கவில்லையா? முதல் இரண்டு குறைகளையும் புதிய கருவி தீர்க்கக்கூடும். மூன்றாவது குறைக்குப் பெரும்பாலும் ஹெட்ஃபோன்தான் காரணம். அதற்காக ஆம்ப்ளிஃபயரை மாற்றுவது வீண்செலவு என்றே நான் கருதுகிறேன்.

ஒலி போதுமா என்பதைக் கணக்குப் போட்டே அறியலாம். 300 ஓம் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு ஹெட்ஃபோன் காட்டும் எதிர்ப்பு) கொண்ட சென்ஹைசர் எச்டி 650 ஹெட்ஃபோனுக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் முடியாது என்ற பேச்சு பரவலாக உண்டு. ஆனால் 1 வோல்ட் கொடுத்தால் அது 103 டெசிபல் ஒலிக்கும் என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். கைபேசியில் செருகும், டிஏசியும் ஆம்ப்ளிஃபயரும் அடங்கிய ஆப்பிளின் சிறிய யுஎஸ்பி-சி டாங்கிள் ஏறக்குறைய அந்த 1 வோல்ட்டைத் தந்துவிடுகிறது (ஐரோப்பாவில் விற்கப்படுவது மட்டும் அதில் பாதிதான் தரும்). அப்படியானால் பாட்டின் உச்சங்கள் 103 டெசிபலைத் தொடும்; சராசரி ஒலி, பதிவைப் பொறுத்து, அதைவிடப் பத்து முதல் இருபது டெசிபல் கீழே இருக்கும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபலே வரம்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலோருக்கு இந்த டாங்கிளே போதும் என்பது விளங்கும். தாழ்ந்த ஒலியில் பதிவான பழைய கச்சேரிகளைக் கேட்பவர்களுக்கும், ஈக்வலைசரில் சில பட்டைகளை உயர்த்துவதற்காக மொத்த ஒலியைக் குறைத்து வைப்பவர்களுக்கும் இது பற்றாமல் போகலாம். அவர்களும் 2 வோல்ட் தரும் டாங்கிள் ஒன்றை வாங்கினால் 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும்.

இதற்கு நேர்மாறானது ஹைஃபைமேன் எச்இ-6 ஹெட்ஃபோன். மின்மறுப்பு 50 ஓம்தான் என்றாலும், ஒரு மில்லிவாட்டுக்கு அது 83.5 டெசிபல் மட்டுமே ஒலிக்கிறது. உச்சத்தில் 110 டெசிபல் வேண்டுமென்றால் சுமார் 450 மில்லிவாட், அதாவது 4.7 வோல்ட்டும் 95 மில்லிஆம்பியரும் தேவைப்படும். இதைப் பெரும்பாலான சிறிய டாங்கிள்கள் தருவதில்லை. ஆகவே ஓம் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மின்மறுப்பு, உணர்திறன் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு ஒலிக்கிறது என்பது) இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உணர்திறன் 1 வோல்ட்டுக்கா, 1 மில்லிவாட்டுக்கா என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

இரைச்சல் விஷயத்தில், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த பிறகே செலவைப் பற்றி யோசிக்க வேண்டும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் ரீங்காரம் நின்றுவிட்டால், கோளாறு மின்வழியில் இருக்கிறது. டிஏசியைக் குறை சொல்ல முடியாது. எர்த் சரியாக இல்லாத வீடுகளில் இது சாதாரணமாக நேர்வது. உணர்திறன் மிகுந்த இயர்போனில் பாட்டை நிறுத்திய பிறகும் மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒலி நீடித்தால், அது ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சல். அப்போது மாற்றுவதில் நியாயம் உண்டு.

ஆம்ப்ளிஃபயருக்கும் அதன் வெளியீட்டு முனையில் ஒரு மின்மறுப்பு உண்டு; இந்த வெளியீட்டு மின்மறுப்பைப் பலர் கவனிப்பதில்லை. எச்டி 650-இன் மின்மறுப்பு எல்லா ஸ்தாயியிலும் ஒன்றாக இருப்பதில்லை. பேஸ் பகுதியில் ஓரிடத்தில் ஏறக்குறைய 500 ஓம் வரை ஏறுகிறது. 120 ஓம் வெளியீட்டு மின்மறுப்பு கொண்ட பழைய கருவியில் செருகினால், அந்த இடம் மற்றவற்றைவிடச் சுமார் 1 டெசிபல் எழும்பி ஒலிக்கும். மிருதங்கத்தின் தொப்பி சற்றுக் கனமாகக் கேட்பதைச் சிலர் விரும்பவும் கூடும். ஆனால் அது பதிவில் உள்ள கனம் அன்று. ஹெட்ஃபோன் மின்மறுப்பின் எட்டில் ஒரு பங்குக்குள் வெளியீட்டு மின்மறுப்பு இருப்பது பாதுகாப்பான வழக்கம்.

டிஏசியைப் பொறுத்தவரை, குறுந்தகட்டின் 16 பிட் பதிவுக்கு, இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி போதும். இன்றைய மலிவான கருவிகளில் பலவும் அதை எட்டிவிடுகின்றன. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபேயோகாவில் டிஏசி சில்லுகள் செய்யும் ஏகேஎம் நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பிடித்ததும், பல தயாரிப்பாளர்கள் அதன் போட்டி நிறுவனமான இஎஸ்எஸ்-இன் சில்லுகளுக்கு மாறினார்கள். ஆனால் சில்லின் பெயரைவிடச் சுற்றமைப்பு முழுவதும் எப்படி அமைந்திருக்கிறது என்பதே முக்கியம். சில்லின் பெயருக்காக மட்டும் யாரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் இருந்தால், நண்பரிடம் ஒரு கருவியை இரவல் வாங்கிச் சோதித்துப் பார்ப்பதே நேர்மையான வழி. இரண்டு கருவிகளின் ஒலி அளவையும் சமமாக்குவதுதான் இதில் உயிர்நாடி, ஏனெனில் அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுகூடக் காதுக்கு ‘தெளிவாக’த் தோன்றிவிடும். ஹெட்ஃபோனைச் செருகிய நிலையிலேயே 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து வெளியீட்டை அளக்க வேண்டும். விலை குறைந்த மல்டிமீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் தவறாகக் காட்டக்கூடும் என்பதால்தான் 400 என்கிறேன். இரண்டு அளவுகளும் இரண்டு சதவீத வேறுபாட்டுக்குள் வந்ததும், எது ஓடுகிறது என்று தெரியாதபடி வீட்டில் ஒருவரை நாணயம் சுண்டி மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். பதினாறு முறையில் பன்னிரண்டு முறையாவது சரியாகச் சொன்னால், அது வெறும் ஊகத்தால் நிகழ நான்கு சதவீத வாய்ப்புக்கூட இல்லை. வேறுபாடு உங்கள் காதுக்கு உண்மையாகவே எட்டுகிறது என்று கொள்ளலாம். அந்த எண்ணிக்கையை எட்டாதவர், தட்டையாகிப்போன காது மெத்தைகளை மாற்றுவதிலும் ஈக்வலைசரைப் பழகுவதிலும் கூடுதல் பயன் காண்பார்.

வாங்குவது என்று முடிவானால், விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் வாட் எண் பெரும்பாலும் 32 ஓமுக்கு உரியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். 32 ஓமில் 1000 மில்லிவாட் தரும் கருவி, அதே வோல்ட்டேஜில் 300 ஓமுக்குத் தருவது சுமார் 107 மில்லிவாட்தான். உங்கள் ஹெட்ஃபோனுக்கு உரிய எண்ணைக் கேட்டறிந்து, திருப்பிக் கொடுக்க அவகாசம் தரும் கடையில் வாங்கி, அந்த அவகாசத்துக்குள்ளேயே மேற்சொன்ன சோதனையைச் செய்து முடித்துவிடுங்கள்.