மரத்தூள் அடுப்பு: நிரப்பும் முறையும் பிழைக்கும் இடங்களும்

2022 இல் எரிவாயு சிலிண்டருக்குக் கொழும்புத் தெருக்களில் வரிசை நீண்டபோது, விறகடுப்பும் மரத்தூள் அடுப்பும் பல வளவுகளில் திரும்ப வெளியே வந்தன. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் பெலட் அடுப்புக்கும் எரிபொருள் இதே மரத்தூள்தான். அங்கே அதை இயந்திரத்தில் அழுத்தி, 6 அல்லது 8 மில்லிமீற்றர் தடிப்பில் சிறு குச்சிகளாக்கி, ஈரம் 10 வீதத்தைத் தாண்டாமல் பையில் அடைத்து விற்கிறார்கள். இங்கே உலர்த்துவதும் அழுத்துவதும் நம் கைவேலை. இரண்டில் எது பிழைத்தாலும் சோறு வேக முன்னரே அடுப்பு புகைந்து அணைந்துவிடும்.

மரம் அரியும் ஆலையின் வாளிலிருந்து விழும் தூள்தான் சரியானது. சீவுளியில் வரும் சுருள் இறுகாது. தேய்த்தெடுத்த மா போன்ற தூள் காற்று புக இடம் விடாது. மொரட்டுவைப் பக்கம் தளபாடப் பட்டறையில் வாங்குவதானால் என்ன மரம் அரிந்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். எம்.டி.எப். பலகைத் தூளில் பசை இருக்கிறது. பச்சை நிறம் ஓடிய, மருந்தேற்றிய மரத்தில் செம்பும் ஆர்செனிக்கும் இருக்கக்கூடும். எரித்தால் நஞ்சு புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கியதை சீமெந்துத் தரையில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, கிளறிக் கிளறி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கி, கையை விரித்துப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. கட்டியாகவே நின்றால் இன்னும் ஒரு நாள் வேண்டும். கொழும்பின் கடற்காற்றில் திறந்து வைத்த தூள் தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காய்ந்த கையோடு உரப்பைக்குள் பொலித்தீன் போட்டு வாயை இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

அடுப்புக்கு 18 லீற்றர் எண்ணெய்த் தகரம் போதும். மேல்மூடியை முழுதாக வெட்டி எடுங்கள். ஒரு பக்கத்தில், அடியிலிருந்து 2 செ.மீ. மேலே, 6 செ.மீ. அகலத்தில் வட்டத் துளை போடுங்கள். அந்தத் துளைக்குள் நுழையும் பீ.வீ.சீ. குழாய்த் துண்டு இரண்டு வேண்டும். ஒன்றைத் துளை வழியாகத் தகரத்தின் நடுவரை படுக்க வையுங்கள். மற்றதை அதன் நுனியில் நிமிர்த்தி நிறுத்துங்கள். அது தகரத்தின் வாயைவிட ஒரு சாண் உயரமாக நிற்கட்டும், பிடித்து இழுக்க வசதி.

இனி நிரப்புவது. நாலு விரல் உயரத்துக்குத் தூளைப் போட்டு, தடித்த பொல்லால் இடியுங்கள். பிறகு அடுத்த அடுக்கு. ஒரேயடியாக நிரப்பி மேலே மட்டும் இடித்தால் அடித்தூள் இளகியே கிடக்கும். எரியத் தொடங்கி அரை மணி நேரத்தில் தூள் சுவர் சரிந்து, குழாய்களை எடுத்தபின் நடுவில் நிற்கும் காற்றுச் சுரங்கத்தை மூடிவிடும். இந்த அடுப்பில் அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். இரண்டு குழாயும் சேரும் மூலையைச் சுற்றி இன்னும் பலமாக இடியுங்கள். பெருவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுக வேண்டும். வாயிலிருந்து 3 செ.மீ. கீழே நிறுத்துங்கள். ஏறத்தாழ நாலு கிலோ தூள் பிடிக்கும்.

இரண்டு குழாயையும் முதலில் இருந்த இடத்திலேயே திருகி இளக்குங்கள். பிறகு நிமிர்ந்ததைத் திருகியபடியே மேலே எடுங்கள், படுத்ததை வெளியே இழுங்கள். உள்ளே உதிர்ந்த தூளை ஒரு கம்பியால் வழித்தெடுத்துவிட்டால், மேலிருந்து கீழ்வரை காற்று ஓடும் சுரங்கம் தயார்.

அடுப்பை எரியும்போது அசைக்கக்கூடாது என்பதால் மூட்டுமுன்னரே இடத்தைத் தீர்மானியுங்கள். திறந்த பின்வளவு, மேலே தகரக் கூரை, கீழே செங்கல், சுவரிலிருந்து ஒரு மீற்றர் தூரம். அடைத்த குசினியிலும் மாடிக் குடியிருப்பின் பல்கனியிலும் வேண்டவே வேண்டாம். இதிலிருந்து கார்பன் மொனொக்சைட் வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை.

கீழ்த்துளையில் காய்ந்த பன்னாடையும் ஈர்க்குத்தடிப்பில் குச்சிகளும் செருகிப் பற்ற வையுங்கள். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். முதல் பத்து நிமிடம் புகை வரும். சுரங்கத்தின் உட்சுவர் கறுத்து, பிறகு கங்காகச் சிவக்கும்போது புகை அடங்கிவிடும். அடங்காவிட்டால் தூள் ஈரம், அல்லது பானை வாயை அடைத்துவிட்டது. பானைக்கும் தகரத்துக்கும் இடையில் 2 செ.மீ. இடைவெளி நிற்கும்படி மூன்று இரும்புத் துண்டு வைத்துத்தான் பானையை ஏற்ற வேண்டும்.

கீழ்த்துளையில் ஒரு கொள்ளிக்கட்டையைச் செருகி வைத்தால் தீ எழும், வெளியே இழுத்தால் தணியும். அரை ஓட்டால் துளையைப் பாதி மறைத்தால் மெல்லிய சூடு. முழுதாக மூடினால் புகைதான் மிஞ்சும். எரியும் அடுப்புக்குள் மேலிருந்து தூளைக் கொட்டவே கூடாது. காற்றில் பறக்கும் காய்ந்த தூள் ஒரே வீச்சில் பற்றி முகத்துக்கு நேரே எழும்.

நன்றாக இறுக்கிய ஒரு தகரம் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும். சோறு, பருப்பு, இரண்டு கறி, பிறகு குளிக்க ஒரு கிடாரம் வெந்நீர், எல்லாம் ஆகும். பொரியலுக்கு இந்தச் சூடு பற்றாது; புட்டுக்கும் இடியப்பத்துக்கும் வெகு பொருத்தம். ஏற்றுமுன் பானையின் அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால் கரி இலேசாகக் கழன்றுவரும்.

சாம்பலை அன்றே கொட்டாதீர்கள். மேலே வெள்ளையாகக் கிடந்தாலும் அடியில் கங்கு மறுநாள் காலைவரை இருக்கும். ஆறிய பிறகும் தகர வாளியில்தான் அள்ள வேண்டும், பிளாஸ்ரிக் வாளியில் அல்ல.